ஏழாவதாக இறங்குபவர்

இந்தியாவுக்காகப் பத்து வருடம் ஆடி ஓய்வு பெற்ற ஆல்-ரவுண்டர் இளவழகன், ஒரகடத்தில் எங்கள் கம்பெனி மேட்ச்சுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. ஆடச் சம்மதித்தார்.

"டீம்ல எங்க ஆள் இல்லியோ அங்க என்னை இறக்குவாங்க. ஓப்பனிங் மட்டும் குடுத்ததே இல்ல. இன்னிக்காவது ஆடட்டுமா?"

கேப்டன் பாபு தலையைச் சொறிந்தான். "ஓப்பனிங் எப்பவும் சூப்பர்வைசர்தான் சார். ஓவர்டைம் போடுறது அவருதான."

"ஒன் டவுன்?"

"எச்.ஆர். சார்."

"அப்ப நான்?"

"ஏழாவது சார். உங்களுக்குப் பழக்கம்தான."

அவர் சிரித்துக்கொண்டே பேடைக் கட்டினார்.

சூப்பர்வைசர் முதல் பந்திலேயே போல்டானார். அம்பயராக நின்ற, அவருக்குக் கீழே எங்கள் அசெம்ப்ளி லைனில் வேலை பார்க்கும் மாசானம் நிதானமாக நோ-பால் காட்டினான். அடுத்த பந்தும் ஸ்டம்பைச் சாய்த்தது. அதுவும் நோ-பால்.

இளவழகன் பேடைக் கழற்றி வைத்துவிட்டு டீ கேட்டார்.