லோர்கன் சொன்ன இரண்டு வேண்டாம்

லோர்கனுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் வாயில் வரும். பசியோடு வந்து உட்கார்ந்திருப்பான். அடுப்பிலிருந்து இறக்கிய காடல் என்கிற இறைச்சிக் குழம்பின் வாசனை கடை முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். "ஒரு கிண்ணம் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டால், "ஐயோ வேண்டாம் இமெல்டா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பான். சிரமமாம்! பப் நடத்துகிறவளுக்குச் சாப்பாடு போடுவதில் என்ன சிரமம்? மறுபடி கேட்பேன். "இல்ல இல்ல, இப்பத்தான் வீட்ல ஒரு பிஸ்கட் சாப்பிட்டேன்" என்பான். மூன்றாம் தடவை நான் குரலை உயர்த்திய பிறகுதான், "சரி, இவ்வளவு சொல்றீங்க... கொஞ்சமா" என்று இறங்கி வருவான். அந்தக் கொஞ்சம் எப்போதும் இரண்டு கிண்ணம்.

அவனை மட்டும் திட்டிப் பயனில்லை. டப்ளினில் எல்லோரும் இப்படித்தான், நானும்தான். கேட்டவுடனே சரி என்று கையை நீட்டினால் அலைகிறவன் என்று பெயர் வந்துவிடும். இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாம் தடவை மனசே இல்லாதது போல ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். மூன்று தடவைக்குக் குறைத்துக் கேட்டால் கஞ்சப்பிசினாரி என்று அர்த்தம். காலங்காலமாக நடக்கிற கூத்து இது. இதனால் ஒருத்தரும் பட்டினி கிடந்ததில்லை, ஒருத்தர் வாழ்க்கையும் கெட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் கெடப் பார்த்தது.

எங்கள் கடை டப்ளினின் ஸ்டோனிபேட்டர் பகுதியில் ஒரு மூலையில் இருக்கிறது. அசம்ப்டா வருவதற்கு முன்னால் அங்கே சாப்பிட உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டும், நான் சுட்டுத் தரும் சீஸ் ரொட்டியும்தான் கிடைக்கும். நான் சுட்ட ரொட்டியைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. நான்கு வருடம் முன்பு அசம்ப்டா வந்து அடுப்படியைக் கையில் எடுத்தாள். வடக்கே டோனகால் பக்கத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள், தனியாள், சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். தொத்திறைச்சி, பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு மெதுவாக வேகவைக்கிற காடல் எங்கள் டப்ளின் சாப்பாடு. அதை ஒரு டோனகால்காரி எங்கள் அம்மாக்களைவிட நன்றாகச் செய்தாள். அதை வெளியே சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. வாயை மூடிக்கொண்டு தின்றார்கள்.

லோர்கன் சிட்டி பஸ் ஓட்டுகிறவன். ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பக்கத்து நாற்காலிதான் அவனுக்கு. அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் அவன் முழங்கையில் இடிக்கும். கடை காலியாகக் கிடந்தாலும் அங்கேதான் உட்காருவான். ஏன் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். "அந்த முழங்கை வீங்கியிருக்கு பாரு, அதான்டா இவன் எழுதின காதல் கடிதம்" என்பான் மோசி. மோசி குழாய் ரிப்பேர்க்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அடுத்தவர்களை ரிப்பேர் செய்கிறான்.

இப்படியே நான்கு வருடம் ஓடிவிட்டது. ஒரு நாள் அசம்ப்டா என்னிடம் வந்து, ஊரில் அவள் அத்தை நடத்திக்கொண்டிருந்த சாப்பாட்டுக் கடையை இனி அவள் எடுத்து நடத்தப் போவதாகச் சொன்னாள். துறைமுகத்தைப் பார்த்த மாதிரி கடை, மாடியில் வீடு. எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் நல்லா இரு என்று வாழ்த்தினேன். ஞாயிற்றுக்கிழமை டிவியில் கால்பந்து மேட்ச் முடிந்ததும் அவள் தம்பி பேக்கி வேன் கொண்டுவந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

அன்றைக்கு மேட்ச் யாருக்கும் யாருக்கும் என்று நினைக்கிறீர்கள்? டப்ளினுக்கும் டோனகாலுக்கும். கடையில் நிற்க இடமில்லை. அசம்ப்டா ஏப்ரனுக்குள்ளே டோனகால் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு உங்க எல்லாரையும் அழவெச்சிட்டுத்தான் வண்டி ஏறுவேன்" என்று சவால் விட்டுக்கொண்டிருந்தாள். லோர்கன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான்.

"யாருக்குய்யா கல்யாணம்?" என்றான் மோசி.

"சும்மா இரு மோசி."

நான் கவுன்டருக்கு மேலே குனிந்து, "லோர்கன், இன்னிக்காவது அவகிட்ட வாயத் தொறந்து சொல்வியா, மாட்டியா?" என்று கேட்டேன்.

"சொல்லணும்னுதான் வந்தேன். ஆனா எப்படி ஆரம்பிக்கிறதுன்னு..."

"வாயில என்ன, உருளைக்கிழங்கா வெச்சிருக்கே? இன்னிக்கு விட்டா அவ போயிடுவா. அப்புறம் அந்தக் கதவுதான் உனக்கு மிச்சம்."

தலையை ஆட்டினான். அதோடு சரி. கல்லுளிமங்கன் மாதிரி முதல் பாதி முழுக்க டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் பாதியில் அசம்ப்டாவே வந்தாள். கையில் காடல் கிண்ணம். அதை அவன் முன்னால் வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் ஒரு கறுப்பு பீரை முக்கால் கிளாஸ் ஊற்றி, நுரை அடங்கட்டும் என்று வைத்திருந்தேன். அது அடங்கியும் நான் அதைத் தொடவில்லை. என் காது இரண்டும் அந்த மேஜையில் இருந்தன.

"லோர்கன், நாளையிலேருந்து உங்களுக்கு லீவுதான?"

"ஆமாங்க, ரெண்டு வாரம். வீட்டுச் சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம்னு..."

"பேக்கி வண்டில ஒரு சீட்டு சும்மாதான் இருக்கு." அவள் காது சிவந்துவிட்டது. "எங்க ஊர்ல ஸ்கூல் பஸ் ஓட்ட ஆள் தேடிட்டிருக்காங்க. வந்து ஊரப் பாருங்களேன். புடிச்சிருந்தா இருங்க."

என்ன தைரியம் பாருங்கள் அவளுக்கு! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சுற்றி இருந்தவர்கள் டிவியைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான் லோர்கன்.

யாரும் கவலைப்படவில்லை. அது முதல் வேண்டாம்தானே. மோசி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"ஒரு சிரமமும் இல்ல. வீடு பெருசு. நானும் தனியாத்தான இருக்கப் போறேன். வாங்களேன்."

"இல்லைங்க, வண்டில சாமான் எல்லாம் இருக்கும். நான் வேற எதுக்கு இடைஞ்சலா..."

இரண்டாவது வேண்டாமும் ஆயிற்று. அசம்ப்டா முன்னால் சாய்ந்தாள். வாயைத் திறந்தாள். திறந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த நொடியில் டப்ளின் கோல் போட்டது.

கடை இடிந்து விழுகிற மாதிரி சத்தம். கிளாஸ்கள் குலுங்கின. நானும் கத்தினேன், எதற்குப் பொய் சொல்ல வேண்டும். ஆனால் லோர்கன் செய்ததுதான் கொடுமை. பிறந்து வளர்ந்ததெல்லாம் டப்ளின். அவனைக் கேட்காமலே உடம்பு எழுந்துவிட்டது. இரண்டு கையையும் கூரைக்குத் தூக்கி, வாயைப் பிளந்து, "அப்படிப் போடு!" என்று கத்தினான். மோசி அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். இரண்டு பேரும் சேர்ந்து குதித்தார்கள்.

சத்தம் அடங்கிப் பார்த்தால் எதிரே நாற்காலி காலி. கிண்ணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது.

லோர்கன் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. "இமெல்டா... அவங்க மூணாவது தடவ கேக்கலையே."

"எப்படிய்யா கேப்பா? கூட வாங்கன்னு ஒரு பொம்பள தானா வந்து கேக்கிறா. நீ ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லிட்டு, கையத் தூக்கிக் குதிக்கிறே!"

"அது கோலுக்குக் குதிச்சது!"

"அத அவகிட்டப் போய்ச் சொல்லு."

"மறுபடி வந்து கேப்பா, பேசாம உக்காரு" என்றான் மோசி. ரிப்பேர்க்காரன் யோசனை! லோர்கனும் உட்கார்ந்தான். அவள் வரவே இல்லை.

பொறுக்க முடியாமல் நான் உள்ளே போனேன். அசம்ப்டா தன் பானைகளைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

"அடியே, அது முடியாதுன்னு சொன்னது இல்லடி. வெறும் வேண்டாம்தான்!"

"தெரியும்க்கா. நான் என்ன வெளிநாட்டிலேருந்தா வந்தேன்? மூணாவது தடவ கேக்கத்தான் வாயத் தொறந்தேன். அப்பத்தான் அந்த மூஞ்சியப் பாத்தேன்." பேப்பரைக் கசக்கினாள். "நாலு வருஷமா நான் சமைச்சதச் சாப்பிடுறாரு. ஒரு நாளாவது என்னைப் பாத்து அப்படிச் சந்தோஷப்பட்டிருக்காரா? எவனோ பந்த அடிச்சதுக்கு அவ்வளவு சந்தோஷம்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இன்னொரு தடவ கேளேன்டி, எனக்காக."

"மாட்டேன்க்கா. கேக்கிறதெல்லாம் நானேதானா? அவருக்கு வேணும்னா அவரு கேக்கட்டும்."

அவள் சொன்னதில் என்ன தப்பு? வெளியே வந்து லோர்கனிடம் அப்படியே சொன்னேன். "நானா கேக்கணும்?" என்று விழித்தான். "நான் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்லையே, இமெல்டா." உண்மைதான். அவன் குடிக்கிற பீரைக்கூட அவன் கேட்டதில்லை. உள்ளே நுழைந்ததும் நானே ஊற்ற ஆரம்பித்துவிடுவேன்.

"அப்ப எக்கேடோ கெட்டுப் போ" என்று துண்டை உதறிவிட்டு நகர்ந்தேன்.

மேட்ச் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் ஹாரன் சத்தம். பேக்கி உள்ளே தலையை நீட்டி, கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, ஒவ்வொரு பெட்டியாக வேனில் ஏற்றினான். கடைசிப் பெட்டியை மட்டும் அசம்ப்டா யாரிடமும் கொடுக்கவில்லை. அவளுடைய பெரிய பானை அதில்தான் இருந்தது. அதைச் சுமந்துகொண்டே வந்தாள். மோசி கன்னத்தைக் காட்டினான், முத்தம் கொடுத்தாள். என் தோளில் முகத்தைப் புதைத்தாள், பெட்டி இரண்டு பேருக்கும் நடுவில் இடித்தது. நான் அழுதேன். கடைசியாக லோர்கன் முன்னால் நின்றாள்.

"வர்றேங்க. உடம்பப் பாத்துக்கங்க."

லோர்கன் எழுந்து நின்றான். "அசம்ப்டா... நான்... உங்க கூட வரட்டுமா?"

யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அசம்ப்டா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

லோர்கன் என்ன செய்தான் தெரியுமா? தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான்! வாழ்நாள் முழுக்க ஊருக்கே வேண்டாம் சொன்னவன், தனக்கு ஒரு வேண்டாம் வந்ததும் அப்படியே நம்பிவிட்டான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"டேய், மறுபடி கேளுடா!" என்று மோசி கத்தினான். பின்னாலிருந்து நான்கைந்து குரல்கள், "கேளுய்யா! கேளு!" நான் துண்டை அவன் மேல் விட்டெறிந்தேன்.

எழுந்தான். "சிரமம்லாம் ஒண்ணும் இல்லைங்க. வர்றேனே."

"வண்டி பூரா சாமான். உங்களுக்குத்தான் இடைஞ்சல்."

இப்போது அவள் உதட்டோரம் துடித்தது. எனக்குத் தெரிந்தது, எல்லோருக்கும் தெரிந்தது, அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அவன் பயந்துதான் போயிருந்தான். அந்தப் பயத்திலேதான் அத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது உடைந்து வந்தது.

"சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போறேன்னு சொன்னது பொய், அசம்ப்டா. சும்மா சொன்னேன். அந்த வீட்ல எனக்கு ஒரு வேலையும் இல்ல, ஒருத்தரும் இல்ல. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நான் இங்க வர்றது உங்களப் பாக்கத்தான். காடல்கூட எனக்கு அவ்வளவாப் புடிக்காது. நீங்க போயிட்டா நான் செத்துடுவேன்னு சொல்ல மாட்டேன். பஸ் ஓட்டிட்டு இருப்பேன், அவ்வளவுதான். அது எனக்கு வேணாம். என்னக் கூட்டிட்டுப் போங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையும் காட்டிக்கொள்ளாமல் நின்றான் மோசி.

"காடல் புடிக்காதா?" என்றாள் அசம்ப்டா.

"...இல்லைங்க."

"நாலு வருஷமா ரெண்டு ரெண்டு கிண்ணம் தின்னிருக்கே!"

"நீங்க கொண்டுவந்து வெச்சீங்களே."

அவள் சிரித்தாள். தெருமுனை வரைக்கும் கேட்கிற அந்தச் சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "அப்ப இந்தப் பானையப் புடிய்யா. எவ்வளவு நேரமா நிக்கிறேன், கை வலிக்குது."

கடையே கத்தியது. கோலுக்குக்கூட அப்படிக் கத்தவில்லை. லோர்கன் பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் வாசலுக்குப் போனோம், மேட்ச் என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாற்றுத் துணி இல்லை, பல் தேய்க்கிற பிரஷ் இல்லை, அந்த இஸ்திரிச் சட்டையோடு நின்றான்.

பேக்கி இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் முன் சீட்டில் கிடந்த பையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, "ஏறுங்க" என்றான்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னான். லோர்கன் ஏறி உட்கார்ந்துவிட்டான்.