மோர் குடித்த திராட்சையும் ஒரு மீசையும்

காசிமாயன் தெருமுனையில் திரும்பினால் முதலில் மீசை வரும், அதற்குப் பிறகுதான் ஆள் வருவார். ராசிங்காபுரத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலையில் விளக்கெண்ணெய் தடவி, முறுக்கி, கண்ணாடியில் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடியும் முறுக்கிய பிறகுதான் மனிதர் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்புவார்.

"அத முறுக்குற நேரத்துல ரெண்டு பாத்திக்குத் தண்ணி பாச்சியிருக்கலாம்" என்பாள் அவர் மனைவி பாண்டியம்மாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போன வசனம் அது.

அப்பேர்ப்பட்ட மனிதர் எழுபத்தெட்டாம் வருஷம் திராட்சைக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்தினார். மண்ணின் மேல் வந்த பாசத்தால் நிறுத்தினார் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். எல்லாம் மீசையின் மேல் வந்த பாசம்தான். திராட்சைப் பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. மருந்தை அண்ணாந்து பார்த்து அடிக்க வேண்டும். அடித்த மருந்தில் பாதி இலைக்குப் போகும், மீதி நேராக முகத்தில் வந்து இறங்கும். மற்றவர்கள் துண்டால் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். காசிமாயனுக்கு அது மீசைக்குள் புகுந்து குடித்தனம் நடத்தியது. சீயக்காய் போட்டுப் பார்த்தார், எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. ரசத்தில் மருந்து வாடை, வெற்றிலையில் மருந்து வாடை. பெண்டாட்டி பக்கத்தில் வந்தால் அவளுக்குத் தும்மல்.

"ஒண்ணு மருந்து இருக்கணும், இல்ல மீசை இருக்கணும்" என்று ஒருநாள் தெளிப்பானைத் தூக்கிப் பரண்மேல் எறிந்தார்.

மருந்துக்குப் பதிலாக அவர் செய்ததைப் பார்த்து ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. ஆட்டுக்காரர் மொக்கையனைக் கூப்பிட்டுத் தோட்டத்தில் கிடை போடச் சொன்னார். பந்தலுக்குக் கீழே ஆடுகள் படுத்து எழுந்ததில் உரமும் ஆயிற்று, களையும் போயிற்று. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தார். இலையில் சாம்பல் நோய் தலைகாட்டியபோது, பாண்டியம்மாள் பானையில் புளிக்கவைத்த மோரைத் தண்ணீரில் கலந்து அடித்தார். மோர் மீசையில் விழுந்தாலும் நக்கிக்கொள்ளலாமே. "காசிமாயன் திராட்சைக்கு மோர்க்குழம்பு வைக்கிறாரு, அடுத்து அப்பளம் பொரிச்சு வைப்பாரு" என்று டீக்கடையில் பேச்சு.

இந்தச் சிரிப்பில் சேராமல் எரிந்துகொண்டிருந்தவன் ஒருவன்தான். பாண்டியம்மாளின் தம்பி பால்பாண்டி. போடியில் உரக்கடை, மருந்துக்கடை வைத்திருந்தான். சொந்த அக்கா புருஷனே மருந்து வேண்டாம் என்றால் கடைக்கு வருகிறவன் என்ன நினைப்பான்? அவனுக்கும் ஒரு மீசை உண்டு. மெல்லிசாக, எறும்பு வரிசை மாதிரி. ஆனால் அவனுக்கு அது உயிர்.

ஒருநாள் காசிமாயன் கடைப்பக்கம் போனபோது, நாலு பேர் முன்னால் பால்பாண்டி வாயைக் கொடுத்தான்.

"மச்சான், மருந்தடிக்காத பழத்த எவனும் சீண்ட மாட்டான். சித்திரை முடியுறதுக்குள்ள உங்க தோட்டத்துப் பழத்த ஒருத்தன் மொத்தமா எடுத்துக்கிறேன்னு சொல்லட்டும், என் மீசைய எடுத்துர்றேன்."

"சொல்லாட்டி நான் எடுக்கிறேன் மாப்ளே" என்றார் காசிமாயன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. கை தானாக மேலே போய் மீசையைத் தொட்டுப் பார்த்தது. ஆனால் நாலு பேர் முன்னால் விழுந்த வார்த்தை ஆயிற்றே.

சித்திரையில் பழம் பழுத்தது. தித்திப்பென்றால் அப்படி ஒரு தித்திப்பு. ஆனால் ஒவ்வொரு பழத்தின் மேலும் மெல்லிய வெள்ளை மாவு படிந்திருந்தது. போடியிலிருந்து வந்த வியாபாரிகள் ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "என்னண்ணே, பழம் பவுடர் போட்டுருக்கு? கல்யாணத்துக்குப் போகுதா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். வியாபாரி திரும்பிப் போகப் போக, காசிமாயன் மீசையை முறுக்குவதை விட்டுவிட்டுத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று ஊர் சொல்லும். இவருக்குக் கூழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மீசை வேண்டும்.

அந்த நேரத்தில்தான் போடிமெட்டிலிருந்து ஒரு ஜீப்பு இறங்கி வந்தது. ஓட்டிவந்தவன் வெள்ளைத்துரை, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவன். அவன் பக்கத்தில் வெள்ளை அங்கி போட்ட மலையாளத்துப் பாதிரியார் ஒருவர். மலைக்கு அந்தப்பக்கம் ஒரு தேவாலயத்தில் இருப்பவர், பெயர் பத்ரோஸ் அச்சன். பூசைக்கு வேண்டிய வைனை அவரே பரணி என்கிற பீங்கான் ஜாடியில் பழத்தைப் போட்டுப் புளிக்கவைத்துச் செய்கிறவராம். போன வருஷம் சந்தையில் வாங்கிய பழம் பரணியில் பிணம் மாதிரிக் கிடந்ததாம், பொங்கவே இல்லையாம். மருந்து படாத பழம் எங்கே கிடைக்கும் என்று கேட்டபோது, திராட்சைக்கு மோர் ஊற்றும் ஒரு மீசைக்காரரைப் பற்றி வெள்ளைத்துரை சொல்லியிருக்கிறான்.

அச்சன் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தார். ஒரு பழத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் ஒட்டிய வெள்ளை மாவைப் பார்த்து, பேரப்பிள்ளை பிறந்த மாதிரிச் சிரித்தார்.

"இதாணு! இதாணு எனிக்கு வேண்டது! முதல்ல நாலு கூடை கொடுத்து விடு. பரணியில இது பொங்கினா, தோட்டம் முழுசும் நான் எடுத்துக்கிறேன்."

"சாமிக்குத்தானே அச்சா?" என்று காசிமாயன் கேட்டார்.

"சாமிக்குத்தன்னெ."

இதோடு நிறுத்தியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் பொருள் சாமிக்குப் போகிறது. நம் ஆட்கள் சாமிக்குப் போகிற பொருளை அப்படியே அனுப்புவார்களா?

"ஆடு படுத்த தோட்டத்துப் பழம். மோரு வேற அடிச்சிருக்கு. மேலெல்லாம் மாவா அப்பிக் கிடக்கு. இப்படியே குடுத்துவிட்டா அந்தச் சாமி நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?" என்றாள் பாண்டியம்மாள்.

காசிமாயனுக்கும் அது நியாயமாகப் பட்டது. அண்டாவில் வெந்நீர் போட்டார்கள். கைநிறைய மஞ்சள்தூளைக் கொட்டினார்கள். ஒவ்வொரு குலையையும் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற பக்குவத்தில் குளிப்பாட்டி, பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு பழமாகத் துடைத்தார்கள். மாவு போன இடம் தெரியவில்லை. பழம் கருகருவென்று மின்னியது. கூடைக்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வெள்ளைத்துரையின் ஜீப்பில் ஏற்றினார்கள். வெடித்ததும் உதிர்ந்ததுமாக மிஞ்சிய பழங்களைக் கழுவுவானேன் என்று, கொல்லையில் சும்மா கிடந்த கல்தொட்டியில் பாண்டியம்மாள் கொட்டிவிட்டாள். அப்புறம் உரக்குழிக்குத் தள்ளலாம் என்று நினைத்தவள் அதை மறந்தும் போனாள்.

நாலைந்து நாள் காசிமாயன் ஜீப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சித்திரை முடிய ஒரு நாள் இருக்கும்போது வெள்ளைத்துரை வந்தான். முகமே சரியில்லை.

"அண்ணே, பரணி அசையலண்ணே. ஒரு நொரை இல்ல, ஒரு சத்தம் இல்ல. சாறு மஞ்சக் கலர்ல அப்படியே கெடக்கு. அச்சன் பரணியில காத வச்சுக் கேட்டுட்டு அழுகாத கொறைதான். நாளைக்குக் கூடையத் திருப்பிக் குடுக்க அவரே வர்றாரு."

அன்றைக்குக் காசிமாயன் மோர்சாதம்கூடச் சாப்பிடவில்லை. மோரைப் பார்க்கவே துக்கமாக இருந்தது.

சேதி போடிக்கு எப்படிப் போயிற்றோ, மறுநாள் காலையில் பால்பாண்டி முதல் பஸ்சில் வந்து இறங்கினான். தனியாக வரவில்லை. சவரக்கத்தியும் கிண்ணமுமாக உள்ளூரில் முடிதிருத்துகிற சீனிச்சாமியையும் கூட்டி வந்திருந்தான். வாசல் வேப்பமரத்தடியில் முக்காலியைப் போட்டது, துண்டை உதறியது எல்லாம் அவனே.

"சோலிய வெரசா முடிங்க சீனிச்சாமி அண்ணே. மதியம் கடை திறக்கணும்."

"ஏன்டா தம்பி, சித்திரை இன்னைக்குப் பொழுது சாயுறவரைக்கும் இருக்குல்ல?" என்று பாண்டியம்மாள் மல்லுக்கு நின்றாள்.

"விடு புள்ள. பொழுதுசாய வரைக்கும் வச்சிருந்து என்ன செய்ய?" காசிமாயன் முக்காலியில் உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். "இடது பக்கத்துல இருந்து ஆரம்பிங்கண்ணே. அந்தப் பக்கம் கொஞ்சம் மெலிசு."

சீனிச்சாமிக்கே மனசு வரவில்லை. பாதி வாழ்நாள் அவர் ஓரம் கத்தரித்து வளர்த்த மீசை. தண்ணீர் தொட்டு, கத்தியைத் தீட்டி, இடது பக்கத்தை மழித்தார். மடியில் விழுந்த முடியைப் பார்த்துக் காசிமாயன் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்தது. ஊர் முழுக்கச் சிரித்தபோது வராத அழுகை அது.

அந்தச் சமயம் கொல்லைப்பக்கம் ஒரு சத்தம். மொக்கையன் கிடையை ஓட்டிப் போனபோது, காலில் முள் குத்திய கிடா ஒன்றை இங்கேயே விட்டுப் போயிருந்தார். கால் எப்போதோ ஆறிவிட்டது. அது கல்தொட்டியைக் கண்டுபிடித்து விடிந்ததிலிருந்து குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. நாலு காலும் நாலு ஊருக்குப் போயின. வாசலில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. பால்பாண்டியின் வெள்ளை வேட்டி பிடிக்கவில்லையோ என்னவோ, தலையைக் குனிந்தது.

"அக்கா! அக்கா, கிடாயப் புடி!"

பால்பாண்டி ஓடினான். வாசலை விட்டுக் கொல்லைக்கு ஓடினான், கிடாவும் ஓடியது. அது நேராக ஓடவில்லை என்பதால் அவனுக்கும் எந்தப் பக்கம் விலகுவது என்று புரியவில்லை. கடைசியில் ஒரே முட்டு. கல்தொட்டிக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்வார்கள். அவனுக்கு மண் ஒட்டவில்லைதான், திராட்சைத் தோல் ஒட்டியிருந்தது.

எல்லோரும் கொல்லைக்கு ஓடியபோது ஜீப்பும் வந்து நின்றது. கூடைகளோடு இறங்கிய பத்ரோஸ் அச்சன், கூச்சல் கேட்ட பக்கம் வந்தார். வந்தவர் பாதியில் நின்று மூக்கை உறிஞ்சினார். எழுந்து நின்ற பால்பாண்டியின் சட்டையை மோந்து பார்த்தார். பிறகு தொட்டியை எட்டிப் பார்த்தார். தொட்டி நுரைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது.

"கர்த்தாவே! இது பொங்குந்நு! இது எவிடத்தெ பழம்?"

"நம்ம தோட்டத்துப் பழம்தான் அச்சா. உங்களுக்குக் குடுத்தது போக மிச்சம்" என்றாள் பாண்டியம்மாள். "இது கழுவாதது. உங்களுக்குக் குடுத்தத நாங்க மஞ்சத்தண்ணியில குளிப்பாட்டி, சுத்தபத்தமாத்தான்..."

அச்சன் தலையில் கைவைத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எண்டெ சேச்சி! அந்த வெளுத்த மாவுல்லே, அதாணு சாறைப் பொங்க வைக்குது. மருந்தடிச்சா அது சாகும். மஞ்சளிட்டுக் குளிப்பிச்சாலும் சாகும். சாமிக்கு வேண்டது அந்த அழுக்குத்தன்னெ!"

வியாபாரிகள் பவுடர் என்று கேலி பண்ணிய மாவு! காசிமாயனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரு பக்க மீசையோடு சிரித்ததால் எந்தப் பக்கம் சிரிக்கிறார், எந்தப் பக்கம் அழுகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அச்சன் கையை நீட்டி, "தோட்டம் முழுசும் எனிக்கு. கழுவ வேண்டா!" என்றார்.

எல்லோரும் பால்பாண்டி பக்கம் திரும்பினார்கள். பேச்சை மாற்றுவான், சண்டைக்கு நிற்பான் என்று காசிமாயன் எதிர்பார்த்தார். அவனோ மீசையை மோந்து மோந்து பார்த்து வெளிறிப்போயிருந்தான். துண்டால் துடைத்தான், தொட்டிச் சாறு போனது, வாடை போகவில்லை.

"சாராய நாத்தம்ல அடிக்குது! மதுவிலக்குக் காலம். இந்த வாடையோட பஸ்சுல ஏறுனா, போடி வாரதுக்குள்ள புடிச்சு உள்ள போட்ருவான். அதுக்கும் தப்பிச்சுட்டா வீட்ல எம் பொண்டாட்டி முனியாயி இருக்கா!" என்று சொல்லிக்கொண்டே போய் முக்காலியில் உட்கார்ந்தான். "எடுங்கண்ணே, வெரசா எடுங்க!"

மருந்து வாடை பிடித்த தன் மீசை காசிமாயனுக்கு ஞாபகம் வந்தது. மைத்துனன்மேல் முதன்முறையாக இரக்கம் வந்தது. எறும்பு வரிசை ஒரே இழுப்பில் போயிற்று.

வேலை முடிந்ததும் சீனிச்சாமி காசிமாயனைப் பார்த்து, அந்த மிச்சப் பாதியை என்ன செய்ய என்று கேட்டார். "ஜெயிச்சவன் எதுக்குண்ணே எடுக்கணும்?" என்று காசிமாயன் வலது பக்கத்தை முறுக்கினார். இடது பக்கமும் முறுக்கப் போன விரல் வெறும் தோலைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. முகம் வாடிப்போயிற்று.

பால்பாண்டிக்குத் தொழில் புத்தி போகுமா? மேலுதட்டைத் தடவிக்கொண்டே கிட்டத்தில் வந்தான்.

"மச்சான், மீசை வளர்றதுக்குன்னே நம்ம கடையில ஒரு மருந்து வந்திருக்கு. ரெண்டு வேளை தடவுனா போதும். நானும் அதைத்தான் போடப்போறேன். கொண்டாரட்டா?"

காசிமாயன் சபலப்பட்டார். உண்மையிலேயே சபலப்பட்டார். "கொண்டா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். அதற்குள் பாண்டியம்மாள் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். கையில் புளிச்ச மோர்ப்பானை.

"மருந்தும் வேணாம், மாயமும் வேணாம். ரெண்டு பேரும் அண்ணாந்து உக்காருங்க."

ரெண்டு பேரும் மேலுதட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.