ஒரே குவளைக் கள்

இமோ ஆற்றங்கரையில் ஒபியோராவைப் போல எச்சரிக்கையான மனிதன் பிறந்ததில்லை. அவன் பூட்டை நம்ப மாட்டான். வீட்டுக் கதவையே கழற்றித் தலையில் வைத்துக்கொண்டுதான் சந்தைக்குப் போவான். கதவு தன்னிடம் இருக்கும்போது திருடன் எதைத் திறப்பான்? ஊரே பார்த்த சங்கதி இது.

அன்று அவன் மகள் உலோமாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஒகேசியின் ஆட்கள் வள்ளிக்கிழங்கும் ஆடுகளுமாக வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் ஒரு மிடறு கள் குடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் குவளையைக் கொடுத்து, அவனும் குடித்துவிட்டால் கல்யாணம் முடிந்தது. ஆனால் அதற்கு முன் பெண்ணின் தகப்பனும் பெரியப்பனும் ஒரே குவளையில் குடித்தாக வேண்டும். பெரியப்பன் மதுகாவுக்கும் ஒபியோராவுக்கும் எல்லைத் தகராறில் பேச்சே கிடையாது. இருந்தும் மதுகா தன் மரத்துக் கள்ளைப் பானையோடு சுமந்துவந்து நடுவில் வைத்தான்.

விஷமில்லை என்று ஊற்றுகிறவன்தான் முதலில் குடித்துக் காட்ட வேண்டும். மதுகா ஒரு மிடறு குடித்துவிட்டுக் குவளையை நீட்டினான்.

“மேலாக்கக் குடிச்சா ஆச்சா அண்ணே? விஷம் அடியிலதான் தங்கும்.”

மதுகா குவளையைக் காலி செய்தான். “போதுமாடா?”

“குவளை சரி. பானை?”

“உன் மகளுக்காகப் பொறுத்துக்கறேன். இல்லேன்னா இந்தப் பானைய உன் மண்டையில உடைச்சிருப்பேன்.”

“கேட்டீங்களா சம்பந்தி? கொல்ற எண்ணம் இருக்குது. அவரு வாயாலயே வந்துருச்சு!”

மதுகா ஊற்றினான், குடித்தான், மறுபடி ஊற்றினான். அவன் தொந்தி உப்பி உப்பி முற்றத்தில் நிழல் விழுந்தது. வெயில் தாங்காத ஆடுகள் அந்த நிழலில் போய்ப் படுத்துக்கொண்டன.

“சம்பந்தி, பொழுது சாயுது. நீங்க குடிங்க,” என்றார் மாப்பிள்ளை வீட்டுக் கிழவர்.

“சில விஷம் மெதுவாத்தான் வேலை செய்யும். அவரு செத்தாரா இல்லையான்னு உறுதியாத் தெரியட்டும்.”

“உன் மூஞ்சியப் பாத்துப் பாத்தே சாவேன்டா,” என்று சொல்லி மதுகா அப்படியே சரிந்து குறட்டை விட்டான்.

பானையைக் கவிழ்த்தால் கடைசிக் குவளைதான் வந்தது. உலோமா யாரையும் கேட்கவில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு ஒகேசியின் முன் மண்டியிட்டு நீட்டினாள். நேற்றுவரை அவள் கையால் குட்டைத் தண்ணீர் கொடுத்தாலும் குடித்திருப்பான். ஆனால் மத்தியானத்திலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அல்லவா? குவளையைக் கையில் வாங்கியதும் அவன் மூக்கு தானாகக் குனிந்து மோந்து பார்த்தது.

“இன்னொரு மிடறு குடிச்சுக் காட்டு, உலோமா.”

அவள் குவளையைப் பிடுங்கி அவன் முகத்தில் வீசினாள்.

“விஷமா இருந்தா மூஞ்சி வெந்திருக்கும். வேகல. எந்திரிச்சுப் போ!”

மாப்பிள்ளை வீட்டார் திட்டிக்கொண்டே கிழங்கைக் கட்டி, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். உலோமா தகப்பனை ஏறெடுத்தும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஒபியோரா வெறும் பானையை எடுத்து மோந்து பார்த்தான். பிறகு தூங்குகிற அண்ணனிடம் சொன்னான்:

“நான் அப்பவே சொன்னேன்ல? இந்தக் கள்ளுல ஏதோ இருந்திருக்கு.”