நாலு பேனா

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைக்கிற பெண்கள் எனக்கு வைத்த பெயர் கண்கொத்தி. என் காதில் விழாமல் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. எனக்கோ அதில் உள்ளூரப் பெருமை. பட்டன் துளையில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. துணியில் இருந்த குறைகளைவிட நான் அதிகம் பிடித்தது தாள்களில் இருந்த பொய்களைத்தான். மெஷினில் ஊசி முனை உடைந்திருக்கிறதா என்று மணிக்கொரு தடவை பார்த்து, ஒரு தாளில் டிக் போட வேண்டும். பார்க்காமலே சாயங்காலம் மொத்தமாகப் போடுகிறவர்கள் உண்டு. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அப்படி ஒருத்தியைப் பிடித்து மேனேஜர் முன்னால் நிறுத்தினேன். "அக்கா, இந்த ஒரு தடவை விட்டுடுங்கக்கா" என்று கெஞ்சினாள். நான் விடவில்லை. மறுநாள் அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் செய்ததை விவரம் தெரியாமல் செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தேன். முதுகில் சுரீரென்றது. அத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருக்கிறது என்றார். எலும்பு மெலிவு நோயாம். வெளியே பார்க்க எலும்பு, உள்ளே சல்லடை. மாத்திரை எழுதிக் கொடுத்து, சில வாரம் கழித்து வலி அடங்கியதும் கீழ்த்தளத்தில் இருந்த பிசியோவிடம் அனுப்பினார்.

நீளமான அறை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், சுவரில் தொங்கும் ரப்பர் பட்டைகள், நடுவில் கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி. பிசியோவுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. பார்த்ததுமே மனதுக்குள் அவளுக்குச் சின்னப்பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டேன்.

"உடையற எலும்பை வச்சுக்கிட்டு எக்சர்சைஸா? நல்லா இருக்கே" என்றேன்.

"அதுக்காகத்தாம்மா" என்றாள். "எலும்பு மேல பாரம் விழுந்தாத்தான் அது கெட்டியா இருக்கணும்னு நினைக்கும். சும்மா உட்கார வச்சா இன்னும் மெலியும். தொடையில பலம் வந்தா தடுமாற மாட்டீங்க. விழலேன்னா உடையாது. குனிஞ்சு மட்டும் எதையும் தூக்காதீங்க."

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது பத்து. குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து. காலையும் மாலையும் செய்துவிட்டுக் கட்டத்தில் டிக் போட வேண்டும். தாளை என்னிடம் நீட்டினாள். என்னிடம் போய்த் தாளை நீட்டினாள்.

முதல் நாள் சாயங்காலம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். ஏழாவது தடவை எழும்போது முழங்காலில் மளுக்கென்று ஒரு சத்தம். வலி எதுவும் இல்லை. ஆனால் இன்னொரு எலும்பும் போய்விட்டதோ என்று தோன்றியது. உட்கார்ந்தவள் எழவில்லை. பயம், வேறொன்றுமில்லை. சின்னப்பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் போதும். கண்கொத்திக்குப் பயம் என்று எந்த வாயால் சொல்வது?

டிக் போட ஆரம்பித்தேன். சும்மா போடவில்லை, தொழில் தெரிந்தவளாகப் போட்டேன். நீலத்தில் இரண்டு பேனா, கறுப்பில் ஒன்று, மருமகளின் பச்சைப் பேனா ஒன்று. சிலதை அவசரமாகப் போட்டதுபோல் கோணலாக, சிலதை அழுத்தி. ஞாயிறு மாலைக் கட்டம் ஒன்றை வேண்டுமென்றே காலியாக விட்டேன், முழுத் தாளும் நிறைந்திருந்தால் நானே சந்தேகப்படுவேன் இல்லையா. ஓரத்தில் ஈரக் கையை வைத்துக் கசக்கினேன். வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனேன். சின்னப்பொண்ணு தாளைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிடுவாள். "இவ்வளவு ஒழுங்கா யாருமே பண்றதில்லம்மா" என்பாள். மூன்றாவது தடவை என்னை நாற்காலியில் உட்கார வைத்து எழச் சொன்னாள். ஐந்தாவதிலேயே கால் வெடவெடத்தது.

"வீட்ல பத்து பண்றீங்க. இங்க ஏம்மா கால் நடுங்குது?"

"இங்க நீ பார்த்துட்டே இருக்கியா, அதான் கூச்சம். வீட்ல நடுங்காது."

என் கால் உண்மையைச் சொன்னது. அவள் தாளை நம்பினாள். தாளைப் பார்க்காதே, துணியைப் பார் என்று புதிதாக வந்த பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான். அன்று அதை அவளுக்குச் சொல்லவில்லை.

அடுத்த கட்டத்துக்கு ஏற்றினாள். ஒரு ஸ்பாஞ்சுத் திண்டின் மேல் நின்று நிதானம் பழக வேண்டும். கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அவள் பக்கத்திலேயே இருந்தாள். "இப்ப ஒரு கையை மட்டும் எடுங்கம்மா" என்றாள். எடுத்தேன். தொடை ஒத்துழைக்கவில்லை. அவள் என் இடுப்பைப் பிடிப்பதற்குள் பக்கவாட்டில் சாய்ந்து, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு உடைந்தது.

என் மகன் காப்பீட்டுக் கம்பெனியில் இருப்பவன். கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினான். அனுபவம் இல்லாத பிசியோ, தகுதிக்கு மீறிய பயிற்சி, அலட்சியம். அம்மா ஒரு நாள் தவறாமல் பயிற்சி செய்ததற்குச் சாட்சியாக என் தாள்களை நகலெடுத்து இணைத்தான். விசாரணை முடியும்வரை சின்னப்பொண்ணு நோயாளிகளைத் தொடக் கூடாது என்று உத்தரவானது. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். "விடேன்டா" என்று ஒரு தடவை சொன்னேன். "நீங்க சும்மா இருங்கம்மா, உங்களுக்கு எல்லார் மேலயும் இரக்கம்" என்றான். எனக்கு இரக்கம். தொழிற்சாலையில் யாராவது கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் மருமகள் என் படுக்கை விரிப்பை மாற்றினாள்.

"அத்தை, என் பச்சைப் பேனாவை ரெண்டு மாசமா தேடிக்கிட்டிருந்தேன். உங்க தலையணைக்கடியில இருக்கு."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் உறையை மாட்டி முடித்தாள்.

"நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமா அத்தை?"

கேட்டுவிட்டு அழுக்குத் துணியோடு வெளியே போய்விட்டாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் பிரிவுத் தலைவர். ஓரத்தில் சின்னப்பொண்ணு. கண் உள்ளே போயிருந்தது. தலைவர் என் தாள்களை விரித்து வைத்தார். "நோயாளி மேல எந்தக் குறையும் இல்ல. இவ்வளவு நேர்மையா வச்ச ரெக்கார்டை நான் பார்த்ததில்ல" என்றார். மகன் தலையாட்டினான்.

நேர்மை என்ற வார்த்தை கன்னத்தில் அறைந்ததுபோல் விழுந்தது.

"அது பொய் சார்" என்றேன். "அத்தனையும் நான் உட்கார்ந்த இடத்துல போட்டது. முதல் நாள் ஏழு தடவை எழுந்தேன். அதுக்கப்புறம் வீட்ல ஒண்ணுமே பண்ணல."

"அம்மா, என்ன பேசறீங்க?" மகனின் காது சிவந்துவிட்டது.

"நாலு பேனா. பச்சை மருமகளோடது. கால் நடுங்குதேன்னு இவ கேட்டா. வீட்ல நடுங்காதுன்னு பொய் சொன்னேன்."

மகன் மேசையிலிருந்த தன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் சின்னப்பொண்ணைப் பார்த்தேன். நன்றி எதிர்பார்த்தேனோ என்னவோ, அந்த அசட்டு ஆசையும் எனக்கு இருந்தது.

"ரெண்டு வாரமா நான் தூங்கலம்மா" என்றாள் மெதுவாக. "எந்த எக்சர்சைஸைத் தப்பாக் கொடுத்தேன்னு திரும்பத் திரும்ப யோசிச்சுட்டே இருந்தேன். பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாற்காலியில ரெண்டு தலையணை போட்டு உயரமாக்கிக் கொடுத்திருப்பேன். அவ்வளவுதான் விஷயம்."

எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது. "மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அது சரி என்பதா, போதும் என்பதா, இன்றுவரை தெரியாது.

அவள் வேலை தப்பித்தது. வேறு பிசியோவிடம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம், அவளுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் அவளிடமே வருகிறேன் என்றேன். முதல் நாள் நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டாள். மூன்று தடவை எழுந்தேன். இடது கையால் தாளில் 3 என்று எழுதினேன். கோழி கிளறியதுபோல் இருந்தது.

இப்போது ஐந்து மாதமாகிறது. தலையணைகள் போய்விட்டன. மணிக்கட்டு கூடிவிட்டது. வாளியை எப்படித் தூக்குவதென்று தெரியும், பேருந்தில் ஏறக் கம்பியைப் பிடித்துத் தொங்குவதில்லை. என் தாளில் ஆறு இருக்கிறது, நாலு இருக்கிறது, பயந்து உட்கார்ந்த நாட்களில் பூஜ்யமும் இருக்கிறது. எல்லாம் ஒரே பேனா.

நேற்றுப் போனபோது தாளை எடுத்து நீட்டினேன். "அப்புறம் பார்க்கறேம்மா, முதல்ல உட்காருங்க" என்றாள். பன்னிரண்டு தடவை எழுந்தேன். கால் நடுங்கவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு, என் முழங்காலை விட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ணினாள். இன்னொரு நோயாளியிடமும் அப்படித்தான். முன்பெல்லாம் தாளைப் பார்த்ததும் சிரிப்பாள். இப்போது யார் தாளையும் முதலில் வாங்குவதில்லை.

எனக்குத் தெரிந்த பார்வைதான் அது. இருபத்தெட்டு வருடம் தைக்கிற பெண்களை நான் பார்த்த பார்வை.