பியாட்றிஸ் ஞாயிற்றுக்கிழமை பற்றவைத்த அடுப்பு

1

இந்தக் கதையை எழுத எனக்கு இலக்கிய ஆசை எதுவும் இருக்கவில்லை. எங்கள் ஊரான உடுவிலில் இது ஏற்கெனவே மூன்று விதமாக உலாவிக்கொண்டிருக்கிறது. ஒன்றில், துரைராஜா, அதாவது நான், ஓய்வுநாளில் வீட்டைக் கொளுத்தினான். இன்னொன்றில், அவனுடைய அக்கா ரஞ்சினி வேதாகமத்தால் அவன் தலையில் அடித்தாள். மூன்றாவதில் நான் சைவ சமயத்துக்கு மாறிவிட்டேன். மூன்றும் பொய். அதுகூடப் பரவாயில்லை, மூன்றும் கெட்டித்தனமில்லாத பொய். இந்த ஊருக்கு ஆயுள் முழுக்கப் பொய் சப்ளை செய்தவன் நான். என்னைப் பற்றிய பொய்யை வேறு யாரோ அரைகுறையாகச் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே எழுதுகிறேன். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை ஒன்றுதான்: என் மனைவி பியாட்றிசுக்குப் பசித்தது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "இளங்காலை ஒளி கிழக்கு ஜன்னலின் வழியே மெல்ல—"

வெட்டிவிட்டேன். எங்கள் அறைக்குக் கிழக்கில் ஜன்னல் இல்லை. குளியலறைதான் இருக்கிறது.

இரண்டாவது: "கொடிய நோயுடன் தீரமாகப் போராடிக்கொண்டிருந்த பியாட்றிஸ்—"

இதை வெட்டியது நானல்ல. அவளுக்கு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசிக்கும் பழக்கம் உண்டு.

"நான் ஆரோடை போராடினனான்? அவை ஊசி ஏத்தினம், நான் கதிரையிலை இருக்கிறன். போராட்டம் எண்டு எழுதினீங்களெண்டா இனித் தேத்தண்ணி கிடையாது."

தேநீர் இல்லாமல் எந்தக் காவியமும் நடக்காது. எனவே நேராகச் சொல்கிறேன். தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி ஏற்றிய பிறகு அவளுக்கு எதைச் சாப்பிட்டாலும் இரும்பு ருசித்தது. "ஆரோ அலுமாரித் திறப்பை என்ரை வாய்க்குள்ளை வச்சிட்டு மறந்து போன மாதிரிக் கிடக்கு" என்றாள். சோறு திறப்பு, மீன் திறப்பு, சூப் கரைத்த திறப்பு; எல்லாம் அதே இரும்புச் சாவி. உடம்பு மெலிந்துகொண்டே போனது. திங்கட்கிழமை நிறை பார்ப்போம், இன்னும் குறைந்திருந்தால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்திய ஞாயிறு காலையில் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ. எனக்குப் பசிக்குது."

சத்தம் கேட்டால் ஓடிவிடும் பிராணியைப்போல அந்தப் பசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வேணும்?"

போனை நீட்டினாள். அதில் ஒரு பெண் பெட்டி பெட்டியாகக் குழி விழுந்த ஒரு பலகாரத்தின் மேல் சூடான பழத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உது. வாஃபிள். ஆனா முட்டையும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் போட்டு அவிக்கிற வட்டிலப்பத்தின்ரை ருசி இருக்கோணும். மேலை மாம்பழம். சுடச்சுட."

(கதைகளில் நோயாளிகள் கஞ்சி கேட்பார்கள். வாஃபிள் கேட்கும் நோயாளியை வாசகர் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். நம்பாவிட்டால் போங்கள். உங்களிடம் அனுமதி கேட்டு அவளுக்குப் பசிக்கவில்லை.)

3

இங்கே ஒரு இடைஞ்சலை விளக்க வேண்டும். என் பாட்டனாரின் தகப்பன் அமெரிக்க மிஷன்காரரிடம் ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பற்றவைப்பதில்லை.* சனிக்கிழமையே எல்லாம் சமைத்தாகிவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, காலைச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாத மத்தியானம் என்றும் சொல்ல முடியாத நேரத்தில், பாண் ரொட்டியும் வாழைப்பழமும் ஆறிப்போன கறியும் சாப்பிடுவோம். இதற்கு இப்போது கொழும்பில் 'பிரஞ்ச்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நாங்கள் அதை நூற்றைம்பது வருடமாகக் குளிரக் குளிரச் சாப்பிட்டுவருகிறோம்.

எங்களோடு வசிக்கும் ரஞ்சினி அக்கா இந்த விதியின் காவல். சனி பின்னேரம் நெருப்புப்பெட்டியைத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவா. காஸ் அடுப்புக்கும் அதே சட்டம். அந்த அடுப்பில் தானாகப் பற்றும் பொத்தான் எப்போதோ செத்துவிட்டது. அக்கா அதைத் திருத்த விடவில்லை.

* இது வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அமெரிக்கர்களே இதைக் கைவிட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியை அக்காவுக்குச் சொல்லும் துணிவு இன்னும் ஒருவருக்கும் வரவில்லை.

அக்கா ஆராதனைக்குப் போயிருந்தா. நான் ஒரு சட்டத்தரணியைப்போல யோசித்தேன். கறண்ட் நெருப்பா? இல்லை. போன முறை வந்தபோது எங்கள் மகள் ஷரோன் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த வாஃபிள் மெசின் பெட்டிகூடப் பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. கர்த்தர் இதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். (கர்த்தருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அடுத்த பகுதியில் தெரியவரும்.)

பியாட்றிஸ் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் போட்ட கதிரையில், உட்கார்ந்து கட்டளையிட்டாள். முட்டையை அடித்தேன். தேங்காயின் முதற்பால், சீவிய பனங்கட்டி, ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய், பிறகு கோதுமை மா.

"பால் கூடிப்போச்சு."

"உமக்குத்தான் ருசி தெரியாதே, பிறகென்ன?"

"கண்ணிலை திறப்பு இல்லை. மாவைப் போடுங்கோ."

கொடிகாமத்தில் வாங்கிய கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சட்டியில் போட்டு, கறுவாப் பட்டையும் வெண்ணெயும் தேசிக்காயைப் பிழிந்த புளியும் சேர்த்து வைத்தேன். அதைச் சூடாக்குவது எப்படி என்ற கேள்வியை, எல்லாக் கோழைகளையும்போல, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

4

மெசினைச் செருகினேன். அதிலிருந்து எழும்பிய வெளிச்சத்தில் கீரிமலை வரை சேவல்கள் இரண்டாம் முறை கூவின. மருதனார்மடச் சந்தியில் ஒரு பஸ், சிவப்பு லைற் என்று நினைத்து நின்றது. தேவாலயத்தில் ஓர்கன் தானாகவே சுருதி மாறி—

சரி. 'டப்' என்றது. ஒரு நாற்றம் வந்தது. வீட்டில் கறண்ட் நின்றது. அவ்வளவுதான்.

கனடா மெசின் எங்கள் கறண்டில் பாதியைத்தான் தாங்கும். இந்தத் தீபகற்பத்தில் வெளிநாட்டுச் சூட்கேசில் வந்து இப்படி ஒரே நொடியில் பரலோகம் போன மெசின்களைச் சேர்த்தால் ஒரு கடையே வைக்கலாம். எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் எல்லோரும் ஒருமுறை செருகிப் பார்ப்போம்.

வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த நமசிவாயம் எட்டிப் பார்த்தார். "துரையர், என்ன வெடி? தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கே! அதுவும் உங்கடை வீட்டிலை!"

நான் ஏதோ சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் பியாட்றிஸ் கதிரையை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வேலிக்குப் போய்விட்டாள்.

"நமசிவாயம் அண்ணை, நெருப்புப்பெட்டி இருக்கே?"

"இருக்குத் தங்கச்சி. ஆனா காலமை பிள்ளையாருக்குக் கர்ப்பூரம் கொளுத்தின பெட்டி. பரவாயில்லையே?"

"பத்துமெண்டாச் சரி."

நான் பின்னால் ஓடினேன். "பியாட்றிஸ், அக்கா வந்திடுவா."

"வரட்டும். கலியாணங் கட்டின நாளிலையிருந்து ஞாயிற்றுக்கிழமை குளிர்ந்த பாண் சாப்பிட்டனான். எனக்குப் பசிக்குதோ எண்டு பாணும் கேட்டதில்லை, நீங்களும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை. இண்டைக்குப் பசிக்குது. கறண்ட் நெருப்பில்லை எண்டு ஒளிச்சு விளையாட எனக்கு நேரமில்லை. இது நெருப்புத்தான். நான்தான் பத்த வைக்கிறன். எழுதிறதெண்டா அப்பிடியே எழுதுங்கோ."

அப்படியே எழுதுகிறேன். முதல் குச்சி உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. அடுத்தது பற்றியது. ஒரு வரைவில் நான் அவள் கையைப் பிடித்து உதவியதாக இருந்தது. நான் உதவவில்லை. குறடு தேடிக்கொண்டிருந்தேன்.

5

செத்த மெசினிலிருந்து குழி விழுந்த இரண்டு தகடுகளையும் கழற்றினேன். ஒன்றில் மாவை ஊற்றி, மற்றதை மேலே கவிழ்த்து, குறட்டால் கவ்வி அடுப்பில் வைத்தேன். ஓரங்களிலிருந்து நீராவி புஸ்ஸென்று வந்தது. எனக்குப் பொறுமை இல்லை. திறந்தேன். முதல் வாஃபிள் நடுவால் கிழிந்து, பாதி மேல் தகட்டிலும் பாதி கீழ்த் தகட்டிலுமாக ஒட்டிக்கொண்டது.

இரண்டாவதை வைத்தபோது குசினி வாசலில் அக்கா நின்றா. வெள்ளைச் சேலை, கையில் பாட்டுப் புத்தகம்.

(இந்த இடத்தில் அக்கா மனமிளகி, கண்ணீர் மல்கப் பியாட்றிசைக் கட்டிப்பிடிப்பதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நல்ல பக்கம். அக்கா வாசித்துவிட்டு, "நான் எப்ப அழுதனான்? அழி உதை" என்றா. என் கதாபாத்திரங்களில் ஒருவருக்கும் என்மேல் மரியாதை கிடையாது.)

நடந்தது இது.

"தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு, அக்கா."

"அடுப்பு?"

"எரியுது, அக்கா."

"ஆர் பத்த வச்சது?"

"நான், மச்சாள்," என்றாள் பியாட்றிஸ்.

"நெருப்புப்பெட்டி ஆற்றை?"

"நமசிவாயத்தாற்றை. பிள்ளையாருக்குக் கர்ப்பூரம் கொளுத்தினது."

நான் அடுப்பை நிறுத்தக் கையை நீட்டினேன்.

"கையை எடு," என்றா அக்கா. "பத்த வச்சது பாவம். இனி அதை அணைக்கிறதும் வேலைதான். ஓய்வுநாளிலை ரெண்டு வேலை வேண்டாம்."

கதிரையை இழுத்து வாசலிலேயே உட்கார்ந்தா. உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. நான் குறட்டைத் தூக்கினேன்.

"இன்னும் ஆவி வருது. திறவாதை."

"அக்கா, ஓய்வுநாளிலை சமைக்கிறீங்களே?"

"நான் சமைக்கேல்லை. கதைக்கிறன். ஆவி நிண்டாப் பிறகு திற. அந்த மாம்பழத்தையும் பக்கத்து அடுப்பிலை வை, எரியிற நெருப்பு எரியுது, ஒண்டெண்டா என்ன ரெண்டெண்டா என்ன."

ஆவி நின்ற பிறகு திறந்தேன். முழுசாக வந்தது.

6

வட்டிலப்பத்தின் நிறம். ஓரம் மொறுமொறுப்பு, உள்ளே பதம். குழிகளில் சூடான மாம்பழம் தேங்கி நின்றது. பியாட்றிஸ் ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். அக்கா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்தா.

"எப்பிடி?" என்றேன்.

"திறப்பு போகேல்லை."

நான் குறட்டைக் கீழே வைத்தேன்.

"ஆனா திறப்புக்கு மேலை மாம்பழம் கிடக்கு," என்றாள். "மற்றதையும் போடுங்கோ."

அக்கா சாப்பிடவில்லை. ஞாயிற்று நெருப்பில் வெந்தது அவவுக்கு ஆகாது. ஒன்றை எடுத்து மூடி வைத்துவிட்டு, திங்கட்கிழமை விடிய ஆறினபடியே சாப்பிட்டா. "நல்லா இல்லை," என்றா. முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னா.

7

இப்போது நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது: தராசு என்ன சொன்னது?

ஒரு முடிவு தயாராக இருக்கிறது. நிறை கூடியிருந்தது, டொக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார், தெல்லிப்பழையில் எல்லாக் கட்டிலுக்கும் வாஃபிள் கொடுக்கும்படி உத்தரவு போட்டார். இதை என் பெயர் கெடாமல் சொல்ல முடியும்.

இன்னொரு முடிவில் நிறை குறைந்திருந்தது, நாங்கள் பஸ்சில் திரும்பி வரும்போது அவள் என் தோளில் தலையை—

"நிப்பாட்டுங்கோ," என்றாள் பியாட்றிஸ், தோளுக்கு மேலால். "ரெண்டையும் வெட்டுங்கோ."

"வாசிக்கிற சனம் கேக்குமே."

"கேக்கட்டும். கூடினா கைதட்டுவினம், குறைஞ்சா அழுவினம். ரெண்டுக்குமா நான் சாப்பிட்டனான்? பசிச்சது, சாப்பிட்டனான். இந்தக் கதையை முடிக்கிறது தராசோ, நானோ?"

"நான் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றேன்.

"நல்லா நினைச்சியள். வாங்கோ, மா காயுது."

ஆகவே நான் மேசையை விட்டு எழும்புகிறேன். இன்று ஞாயிறு. எந்த ஞாயிறு என்று சொல்லமாட்டேன். நமசிவாயத்தின் நெருப்புப்பெட்டியை நாங்கள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அக்கா தன் கதிரையோடு வாசலில் இருக்கிறா. மாம்பழம் பக்கத்து அடுப்பில் கொதிக்கிறது. தகடு மூடியிருக்கிறது, ஓரமெல்லாம் நீராவி.

குறட்டை உங்கள் கையில் தருகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உங்களுக்கு ஆசை இருக்கும், எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறா.

இன்னும் ஆவி வருது. திறவாதேங்கோ.