கீழே நிற்கும் ஆள்

மரம் வெட்டுகிறவனிடம் வந்து 'தனிமரம் தோப்பாகாது' என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. பூங்கா அலுவலரும் அதைத்தான் சொன்னார். நகராட்சியின் தெருமரங்களில் கிளை கழிக்கும் கான்ட்ராக்ட் வேண்டுமென்றால் ஏறிக்காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். அதற்கு ஒருவர் மேலே, ஒருவர் கீழே. உங்கள் கீழ் ஆள் யார் என்று கேட்டார். மனைவி என்றேன். எங்கே என்றார். மகள் வீட்டில் என்றேன்.

பேறுகாலத்துக்குத் துணையாகப் போனவள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சண்டை ஒன்றும் இல்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். சண்டையாக இருந்தாலாவது போய்ச் சமாதானம் பேசிக் கூட்டி வந்திருப்பேன்.

எங்கள் வேலைக்கு ஒரே சட்டம்தான் இருந்தது. கிளையைத் தள்ளுவதற்கு முன் நான் மேலேயிருந்து "விடவா?" என்று கேட்பேன். அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு "விடுங்க" என்பாள். அவள் சொல்லாமல் ஒரு குச்சிகூடக் கீழே விழாது. ஒருமுறை என்மேல் கோபம் வந்து வாயே திறக்காமல் நின்றாள். பொழுது சாயும்வரை நானும் மரத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால், கான்ட்ராக்ட் ஒரு சாக்கு. தேர்வுக்கென்று வந்தால் அப்படியே இங்கே இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். போன் செய்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்திலேயே ஒரு ஆளைக் கேளுங்கள் என்றாள்.

பூங்காவில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் அம்மாளுக்கு ஒரு ஹெல்மெட்டை மாட்டி அனுப்பினார்கள். தூங்குமூஞ்சி மரம். கயிற்றிலும் முடிச்சிலும் அலுவலருக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கிளையை முக்கால்வாசி அறுத்து நிறுத்தி, "விடவா?" என்றேன்.

"விடுங்க" என்று பதில் வந்தது. கிளையைத் தள்ளினேன்.

விசில் கிறீச்சிட்டது. தோட்டக்கார அம்மாள் அப்போதுதான் தெருப்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவள் நின்றது எட்டத்தில். பதில் சொன்னது யார் என்று அலுவலர் கேட்டார்.

"அவரே கேட்டாரு, அவரே சொல்லிக்கிட்டாரு" என்றாள் அவள்.

எனக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷமாகச் சுவர் வைத்த தோட்டங்களில், கீழே ஒருவரும் இல்லாத இடமாகப் பார்த்து, தனியாகத்தான் ஏறிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் பழக்கதோஷத்தில் கேட்டுவிடுவேன். பதில் இல்லாமல் கை ஓடாது. அதனால் அவள் சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். அது இவ்வளவு சத்தமாக வெளியே கேட்கும் என்று எனக்கே தெரியாது.

அலுவலர் கடுமையான ஆள் இல்லை. "அடுத்த மாசம் உங்க ஆளைக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா இப்பவே இந்தம்மாவோட இன்னொரு கிளை" என்றார்.

நான் தேடிய சாக்கு, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி தானாக வந்தது. தோற்றுப்போனேன், நீ வந்தே ஆகவேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பரம்பரைக்கு ரோஷத்தைத் தவிர வேறு சொத்து கிடையாது. மறுபடி ஏறினேன்.

"விடவா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். சைக்கிளில் ஒருவர் ஆடி அசைந்து போனார். அவர் போய் முடிகிறவரை கீழேயிருந்து சத்தமே இல்லை.

"விடுங்கண்ணே."

என் காலடியிலிருந்து இன்னொரு மனிதக்குரல் வந்து எத்தனை காலம். கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொண்டுதான் கிளையைத் தள்ளினேன். தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போன் செய்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "கீழ யாரு நின்னா?" என்பதுதான். சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் பாத்துட்டுச் சொன்னாளா?"

"பாத்துட்டுத்தான் சொன்னா."

நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "இனிமே நான் நிம்மதியா தூங்குவேன். நீங்க தனியா ஏறுறீங்கன்னுதான், காய்ச்சல் விட்டதும் அங்கேயே வந்துடலாம்னு மூட்டை கட்டி வெச்சிருந்தேன். இனிமே அதுக்கு அவசியமில்லை."

நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டியவன் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது அது நான்தான். வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதற்கும் ரோஷம் விடவில்லை.

"பிள்ளை கூப்பிடுறா. வெச்சுடவா?" என்றாள்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் பேத்தி "பாட்டி, பாட்டி" என்று கூப்பிடுவது கேட்டது. போன் வைக்கப்படவில்லை.

"ஏங்க, வெச்சுடவா?"

பதில் வராமல் விடக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். நான் பதில் சொல்லவில்லை.