கரடிகள் குடிவந்த வீடு

புயல் வந்து பொம்மைக் கம்பெனியின் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போன அன்று விடுமுறை. அதனால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த கரடி பொம்மைகள்தான் மழையைக் குடித்து, விருந்துக்குப் போய் வந்த மாப்பிள்ளை மாதிரி உப்பிக் கிடந்தன.

முதலாளியின் மச்சான்தான் அங்கே மேனேஜர். அக்காவைக் கட்டிக்கொடுத்த உரிமையில் யோசனை சொல்லாத நாளே கிடையாது.

"அத்தான், இதான் நேரம். எல்லாரையும் நிறுத்திடுங்க. புயலடிச்சதுக்கு யார் நம்மளக் கேக்கப் போறா? கட்டி முடிச்சதும் கம்மி சம்பளத்துக்குப் புது ஆளுங்களப் பிடிச்சுக்கலாம்."

முதலாளிக்கும் அது சரியாகத்தான் பட்டது. காரில் போகும்போதே பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டார். "எனக்கும் மனசு கேக்கல" என்கிற இடத்தில் கண்ணைத் துடைப்பதா வேண்டாமா என்பது மட்டும்தான் பாக்கி.

போய்ப் பார்த்தால், யாரும் கூப்பிடாமலே மொத்தப் பேரும் வந்திருந்தார்கள். கரடிகளைப் பிழிந்து, காதில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். துணி வெட்டுகிற கத்தரி அக்கா, ஒரு கரடியின் தொப்பையைப் பிழிந்தபடியே திரும்பினாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "புயல் யாரையும் கேட்டுக்கிட்டு வர்றதில்லம்மா..."

"கூரை ஆடுதுன்னு நாங்க சொல்லிக்கிட்டேதான இருந்தோம்? திருகாணி போடச் சொன்னா, மேல பழைய டயரத் தூக்கி வச்சீங்க."

"டயரும் போச்சு," என்றார் பஞ்சு அடைப்பவர்.

"சரிம்மா, கம்பெனியே இல்லாதப்போ ஆளுங்கள வச்சு நான் என்ன பண்றது?"

"உங்க வீட்டுக் கூரை போயிருந்தா, மச்சான நிறுத்திட்டு வேற மச்சான் பாப்பீங்களா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலாளியாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பியவர், கத்தரி அக்காவின் மேசையைப் பார்த்தார். கூரையிலிருந்து பிய்ந்த தகடு ஒன்று அதில் குத்திட்டு நின்றது. தினமும் அவள் குனிந்து நிற்கிற இடம். சிரிப்பு நின்றுபோனது. டயரை ஏற்றச் சொன்னது அவர்தான்.

"யாரையும் நிறுத்தல," என்றார். "எங்க வீட்டு ஹால் சும்மாதான் கிடக்கு. மெஷினத் தூக்குங்க."

மறுநாளே ஹாலில் தையல் மெஷின்கள் கடகடத்தன. சாப்பாட்டு மேசையில் துணி வெட்டினார்கள். மச்சானின் அறைக்குள் பஞ்சு மூட்டைகள் போனதால், மச்சான் தும்மிக்கொண்டே மாடிப்படிக்கடியில் படுத்தார். முதலாளியின் மனைவி கரடிக்குக் கண் வைக்கப் பழகினாள். முதல் கரடி மாறுகண்ணால் முறைத்தது. கத்தரி அக்கா தயவு தாட்சண்யமில்லாமல் அதைப் பிரித்துப் போட்டாள்.

கம்பெனி மறுபடி எழும்பியபோது, கூரைத் தகடு ஒவ்வொன்றிலும் திருகாணி இறுகியது.

"மேல ஏறி ஒரு குதி குதிச்சுக் காட்டுங்க, அப்புறம் உள்ள வரோம்," என்றாள் கத்தரி அக்கா.

முதலாளி ஏறிக் குதித்தார். கூரை அசையவில்லை. இறங்கத்தான் அவருக்குக் கால் வரவில்லை. மச்சான் ஏறி இறக்கிவிட வேண்டியிருந்தது.

கம்பெனி திறந்த அன்று, கண் வைக்கும் மேசையில் முதலாளியின் மனைவியும் வந்து உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் முதலாளி எட்டிப் பார்த்து, "வா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்துடலாம்," என்றார்.

"மணி அடிக்கலியே," என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.